ஏணி ஏற எனக்கு மட்டும் அனுமதி

எனக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம், தம்பி எய்வின்ட். முப்பது வருஷம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன் நான். போகிற வீட்டிலெல்லாம் காப்பி தருவார்கள். அத்தனையையும் சர்க்கரை போட்டுக் குடித்திருந்தால், இன்றைக்கு இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் முன்னால் உட்கார ஆஸ்முண்ட் என்று ஒருவன் இருந்திருக்க மாட்டான். சரி, வரிசையாகவே சொல்கிறேன். உங்களுக்கும் எழுதச் சுலபமாக இருக்கும்.

படகுத்துறைப் பழைய மீன் கிடங்கின் சுவரில் கிரிக்யேக்கள் கூடு கட்டத் தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. கடற்காகத்தில் சின்ன ஜாதி, நாளெல்லாம் தன் பெயரைத் தானே கத்திக்கொண்டிருக்கும். மற்றக் கரைகளில் எல்லாம் அழிந்துகொண்டு வருகிறது. ஏணி வைத்து ஏறிக் குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் மாட்ட, ஊரில் அனுமதிச் சீட்டு உள்ளவன் நான் ஒருவன்தான். என்னைக் கண்டு அவை மிரளுவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தச் சுவரடியில்தான் ரக்னில்ட் வாஃபிள் என்கிற இனிப்பு அப்பம் சுட்டு விற்கிற கடை போட்டாள். நல்ல பெண். எச்சம் விழுந்தால் முகம் சுளிக்காமல் துடைப்பாள். “அண்ணே, உங்க பிள்ளைங்க இன்னிக்கும் என் மேசைக்கு வெள்ளையடிச்சிட்டுப் போயிருக்காங்க” என்பாள். வெளியூர்க்காரர்கள் பறவையைப் பற்றி அவளிடம்தான் கேட்பார்கள். அவளும் பாதி சரியாக, பாதி தப்பாக ஏதாவது சொல்வாள். நான் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊரே கூலியில்லாமல் சேர்ந்து வேலை செய்கிற அந்த வசந்தகாலச் சனிக்கிழமையில், அலைதடுப்பின் மேல் பறவைகளுக்காக ஒரு மரச்சுவர் எழுப்பினோம். வரைபடம் என்னுடையது. எண்பது கூட்டுக்கு இடம், மழைக்கு மறைப்பு, எல்லாம் உண்டு. ஒரு பறவைகூட அங்கே வரவில்லை. எல்லாம் வாஃபிள் வாசனைக்கு மேலேயேதான் கிடந்தன. “ஆஸ்முண்ட் ஓட்டல், எப்பவும் ரூம் காலி” என்று மீன்பிடிப் படகுக்காரர்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கூடு கட்டும் மாதங்களில் துறையில் இரண்டு திறந்தவெளிக் கடைகளுக்கு மேல் உரிமம் கூடாது, சுவரடியில் ஒன்றுகூடக் கூடாது. இதுதான் இந்த வருஷம் நகரமன்றத்தில் நான் வைத்த கோரிக்கை. மேயரம்மா தங்கமானவர், ஆனால் கணக்குப் பார்ப்பவர். “கூட்டை எண்ணிக் கொடுத்ததே நீங்கதான் ஆஸ்முண்ட். வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருக்கு. கடையால என்ன கெடுதல்னு காட்டுங்க, மொதல் கை என்னோடது” என்றார். இரண்டு வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நியாயமான கேள்விதான். ஆதாரம் கேட்டார்கள், என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

உணவுக் கடை உரிமத்தின்படி அவள் பின்பக்கம் எலி மருந்துப் பெட்டி வைத்தாக வேண்டும். சட்டத்தை மதிக்கிறவள், வைத்திருந்தாள். ஞாயிறு காலை, அவள் கடை திறக்கும் முன், அதிலிருந்து எடுத்து அவளுடைய குப்பைத்தொட்டி வாஃபிளோடு பிசைந்தேன். ஏணியைச் சாத்தினேன். நாயோடு நடக்க வந்த இரண்டு பேர் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏணிமேல் என்ன வேலை என்று என்னை யார் கேட்பார்கள்? குஞ்சுக்கு அலகின் ஓரத்தில் விரல் வைத்தால் போதும், வாய் திறந்துவிடும். நூற்றுப் பதினோரு குஞ்சுகள். ஒன்றையும் விடவில்லை. பாதியில் விட்டால் வேறு ஏதோ நோய் என்று சொல்லிவிடுவார்கள் இல்லையா.

செத்த குஞ்சுகளின் வயிற்றில் அவள் கடை வாஃபிளும் எலி மருந்தும் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. பதினான்குக்கு ஐந்து என்று என் தீர்மானம் நிறைவேறியது. நான் பேசும்போது மன்றத்தில் பல பேர் அழுதார்கள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

ரக்னில்டின் கடைக்கதவில் யாரோ சிவப்பு மையால் கொலைகாரி என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. “அண்ணே, நான் செய்யலைன்னு உங்களுக்காவது தெரியுமா?” என்று கேட்டாள். “தெரியும்மா” என்றேன். நான் பொய் சொல்கிற வழக்கமில்லை. அந்த வாரமே படகேறித் தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. மனித நடமாட்டம் இருந்தால் கடற்கழுகு கிட்டே வராது. கிரிக்யேக்கள் ஊருக்குள் வந்ததே அதற்காகத்தான். கடை மூடி ஒரு வாரத்தில் கழுகு வந்தது. குஞ்சை இழந்தும் கூட்டை விடாமல் உட்கார்ந்திருந்த பெரிய பறவைகளில் சிலதைத் தூக்கிக்கொண்டு போனது. மிச்சமிருந்தவையும் கடலுக்குப் போய்விட்டன. சுவர் இப்போது சுத்தமாக இருக்கிறது.

நேற்று நீங்கள், கிரிக்யேக்களைப் பற்றி நான் எழுதிய சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: “கடல்ல பிடிக்கிறதைத் தவிர இந்தப் பறவை எதையும் தொடாது, கரையில மீனையே வச்சாலும் திரும்பிப் பார்க்காதுன்னு மொதல் பக்கத்துல எழுதினது நீங்கதானே? அப்ப வாஃபிள் எப்படிக் குஞ்சு வயித்துக்குள்ள போச்சு?” உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. பன்னிரண்டு வருஷமாக நூலகத்தில் சும்மா கிடக்கிறது. முதல் தடவையாக ஒருவர் படித்திருக்கிறார்.

ஆக, நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். என் ஏணி அனுமதியை மட்டும் ரத்து செய்யச் சொல்லாதீர்கள். அந்தச் சுவரில் இனி அவற்றுக்கு நிம்மதி கிடையாது. அடுத்த ஏப்ரலில் வேறு போக்கிடம் இல்லாமல் என் மரச்சுவருக்குத்தான் வந்தாக வேண்டும். வருகிற நேரத்தில், பாவம், தெரிந்த முகம் ஒன்றாவது அங்கே இருக்க வேண்டாமா?