ஆமென் அடங்கும்வரை

சேவூரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் விசைத்தறிகள் நிற்கும். மெல்லிய பாட்டைப் பதிவு செய்ய எங்களுக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

எங்கள் ராக் இசைக்குழு சர்ச் பாடகர் குழுவிலிருந்து பிரிந்து வந்தது. கிடார் நான், ஒலிப்பதிவும் நானே. பாடகன் ரெஜி. முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் காதைக் கிழிக்கும். அடுத்தது மனசுக்குள் பேசிக்கொள்வதுபோல் இருக்கட்டும் என்று ரெஜியேதான் கேட்டான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஆஸ்துமா. மூச்சு கிடைக்காத பயத்தை ஒரு பாட்டாக எழுதியிருந்தான். நல்ல பாட்டு. ஆனால் அதைக் கல்யாண வீட்டில் பாடுகிறவன்போல் பாடினான். எனக்கு எரிச்சலாக வந்தது.

முன்பு பட்டு நூல் மூட்டை வைத்திருந்த சின்ன அறைதான் எங்கள் பதிவறை. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். நூல் தூசி எவ்வளவு பெருக்கினாலும் போகாது.

"இன்ஹேலர் பாக்கெட்லயே இருக்கட்டும்ணா. வச்சிகினே பாடறேன்" என்றான்.

"அது ஆடுற சத்தம் மைக்ல வுழும். குடுடா" என்று வாங்கி என் மேசையில் வைத்தேன். கதவை வெளியே தாழ்போட்டேன். தானாகத் திறந்துகொள்கிறது, அதனால்தான் என்று அவனிடம் பொய் சொன்னேன்.

சர்ச் காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவன் ஆமென் சொல்லாமல் பதிவை நிறுத்தமாட்டோம். சொன்ன பிறகும் அந்த ஒலி முழுக்க அடங்கும்வரை யாரும் அசையக்கூடாது.

முதல் வரியை எப்போதும்போல் பாடினான். அடுத்த வரியில் இருமினான். அப்புறம் கதவைத் தட்டினான்.

"அண்ணா, முடியல. தொறங்கண்ணா. சத்தியமா வெளயாட்டு இல்ல."

ஹெட்ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். ஒரு மனிதக் குரலில் அவ்வளவு பயத்தை நான் கேட்டதே இல்லை. நாங்கள் தேடிய பாட்டு இதுதான் என்று புரிந்தது. இன்ஹேலர் என் முழங்கைக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் அவன் இன்னும் ஆமென் சொல்லவில்லையே.

அன்றிலிருந்து எனக்கும் பயம்தான். நீங்கள் இந்த லாக்கப் கதவைச் சாத்தும்போதெல்லாம் எழுந்துபோய்த் தட்டத் தோன்றுகிறது. கொஞ்சம் திறந்து வையுங்கள்.

கடைசியில் சொன்னான். குரலே இல்லை, வெறும் மூச்சால் ஆமென் என்றான். சொன்னால் திறந்துவிடுவேன் என்று நம்பியிருப்பான். நான் அசையவில்லை. ஒலி அடங்க வேண்டும் அல்லவா? அதுவும் அடங்கியது. அந்த அமைதி அவ்வளவு அழகாக இருந்தது, நிறுத்த மனம் வரவில்லை.

பிறகு தெருவில் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. உடனே எழுந்துபோய்த் திறந்துவிட்டேன் சார், ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.