கைடில் இருந்த அப்பா

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்கள் இருவர், மடியில் இங்கிலீஷ் கைடு. ஓரத்தில் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"எங்கப்பாவ நானே சாவடிச்சிட்டேன்டி."

"இன்னாடி உளறுற?"

"ரிவிஷன் டெஸ்ட்ல, இங்கிலீஷ் பாடத்துல அந்தக் கதையில வர்ற அம்மாவ உன் வாழ்க்கையோட சேர்த்து எழுதுன்னு கேட்டாங்க இல்ல? கைடுல இருந்தத மனப்பாடம் பண்ணி அப்படியே எழுதிட்டேன். சின்ன வயசுலயே அப்பா செத்துட்டாரு, அம்மாதான் வளத்தாங்கன்னு அதுல இருந்துச்சு."

"அதுக்கு இன்னா இப்போ?"

"நேத்து பேரண்ட்ஸ் மீட்டிங். அப்பா தறிய நிறுத்திட்டு வந்தாரு. புது இங்கிலீஷ் மிஸ் அவருகிட்ட, 'அப்பா இல்லாத பொண்ணு, எவ்ளோ உருக்கமா எழுதியிருக்கா தெரியுமா? நீங்க யாருங்க?'ன்னு கேட்டாங்க."

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ இன்னா சொன்ன?"

"தலையக் குனிஞ்சிக்கினு நின்னேன். அவருதான், 'சித்தப்பாங்க'ன்னாரு."

"வீட்டுக்கு வந்து திட்டினாரா?"

அவள் கைடை மூடினாள்.

"இல்லடி. 'மார்க்கு வந்துச்சில்ல, பெரிய பரீட்சையிலயும் அதையே எழுதிடும்மா'ன்னாரு."