மதகுக்கு இரண்டு பூட்டு

பெரிய நாற்காலியில் சின்னச் சிரிப்போடு வீற்றிருக்கும் தலைவர் லெவிக் அவர்களே, பாதி தூங்கியும் மீதி தலையாட்டியும் கூட்டத்துக்குக் கனம் சேர்க்கும் பெரியோர்களே, ஓட்டு இல்லாவிட்டாலும் ஓட்டுப் போடுகிறவனுக்குச் சோறு போட்டு அவன் ஓட்டைத் தீர்மானிக்கிற தாய்மார்களே, ஆப்பிள் மதுவுக்காக மட்டுமே வந்திருக்கும் அருமைத் தம்பிகளே, வணக்கம், வணக்கம்.

நாளை நம் கென்ட் வட்டம் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து டோவருக்கு அனுப்புகிறது. புதிய அரசியல் சட்டத்துக்கு டெலவேர் சம்மதமா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தில் கீழ்ச்சபைக்குத் தலைக்கணக்கு. ஆள் அதிகமென்றால் இடம் அதிகம். மேல்சபைக்கு மாநிலத்துக்கு இரண்டே பேர். பென்சில்வேனியாவுக்கும் இரண்டு, அதன் காலடியில் கிடக்கும் நமக்கும் இரண்டு. இரண்டு சபையும் சம்மதிக்காமல் ஒரு சட்டமும் பிறக்காது.

இதையெல்லாம் நான் படித்தேனா? பாதி படித்தேன். மீதியை என் மனைவி படித்துச் சொன்னாள். ஆனால் எனக்கு மதகு தெரியும்.

என்னப்பா பின்னாடி? "பெருசு, மறுபடியும் மதகுக் கதையா?" ஆமாண்டா, அதேதான். போன தடவை நீ தூங்கிட்ட.

நம் சதுப்பு நிலத்தின் கரையைக் காக்கச் சங்கம் வைத்தோம். ஏக்கருக்கு ஒரு ஓட்டு. இதோ நாற்காலியில் இருக்கிற இதே தலைவருக்கு முந்நூறு ஏக்கர். மற்ற பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து, அதில் என்னுடையது ஆறு. அவருடைய மேட்டு நிலத்துக்கு ஆற்று வண்டல் வேண்டுமாம். ஓட்டெடுத்தார், ஜெயித்தார், மதகைத் திறந்தார். வண்டல் அவருக்கு, அதோடு ஏறி வந்த கடல் உப்பு எங்கள் தாழ்நிலத்துக்கு. பக்கத்து வீட்டுக் கம்ஃபர்ட் அக்கா தீவனமில்லாமல் மூன்று பசுவையும் விற்றாள். நான் குளிர்காலம் முழுக்கச் சதுப்பு எலிக்கறி தின்றேன். நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

மறு வருஷம் கரை உடையப் பார்த்தது. பதினெட்டு மண்வெட்டியும் வீட்டிலேயே படுத்துக்கொண்டன. அப்புறம்தான் தலைவர் இறங்கி வந்தார். மதகுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஏக்கர் ஓட்டுக்கு. இன்னொன்று, வீட்டுக்கு ஒன்று என்கிற ஓட்டுக்கு. வீட்டுச் சாவி யாரிடம்? இந்தக் கால்சட்டைப் பையில்.

வசந்தத்தில் மறுபடி திறக்க ஆசைப்பட்டார். நான் சாவியோடு ஆப்பிள் மரத்தில் ஏறிவிட்டேன். கீழே வந்து நின்றார்.

"ஏய், ஆறு ஏக்கர், இறங்குய்யா."

"ஆறு ஏக்கர் கீழ கெடக்கு, அதையே கேளுங்க."

"சரிய்யா. உன் பேரு என்ன?"

இருபது வருஷப் பக்கத்து நிலம். அன்றுதான் பெயர் கேட்டார். மூன்றாம் நாள் வடகிழக்குக் காற்றோடு கடல் பொங்கி வந்தது. பூட்டிய மதகு என் ஆறு ஏக்கரைக் காத்தது. அவருடைய களஞ்சியத்தையும் காத்தது. தலையாட்டுறார் பாருங்க.

"சின்னவனெல்லாம் சேர்ந்து பெரியவனை அமுக்கினா?" என்று கேட்கிறாயா தம்பி? அவர் பூட்டு அவரிடமே இருக்கிறதே. நான் தனியாக என்ன திறக்க முடியும், என் வாயைத் தவிர?

சுதந்திரம் என்றால் என்ன? கொடியா? குண்டா? கொட்டு மேளமா? என்னைக் கேட்காமல் என் நிலத்தில் உப்பு ஏறாது என்ற உறுதி. பெரியவன் மரத்தடிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு. நாளை ஜனமும் பணமும் பெருத்த மாநிலங்கள் மூன்றே வட்டம் உள்ள நம் டெலவேரை "ஏய், மூணு வட்டம்" என்று அதட்டும். அதட்டட்டும். நம் சாவி நம் பையில் இருந்தால், பெயர் கேட்காமல் மதகு திறக்காது. ஆகவே நம் பத்துப் பேரும் டோவருக்குப் போகட்டும். யாருக்கும் முன்னால், முதல் ஆளாக, ஆம் என்று சொல்லட்டும்.

முடிக்கிறேன். தலைவரே, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்க. என் பேரு என்ன?

கேட்டீர்களா? "நெகேமியா" என்கிறார், தொப்பியையும் கழற்றிவிட்டு. பொறுமையாய்க் கேட்ட அத்தனை பேருக்கும் இந்த நெகேமியாவின் நன்றி. நாளை ஓட்டுச் சாவடியில் சந்திப்போம், வணக்கம்.