குறைத்த அரை மணி நேரம்

சிரிக்கிறவன் எழுந்து போய்ப் படு. மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

என் சிநேகிதனின் மச்சானுக்கு நடந்தது இது. இரவு மணி ஒன்பது... மருத்துவமனைக்குப் பின்னால் ஆளே நடமாடாத சாலை. அதன் கடைசியில் ஓர் ஒற்றை அறை. உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். நோயாளியை அதில் படுக்கவைத்து, கதவை வெளியிலிருந்து பூட்டி, ஆக்ஸிஜனை அழுத்தமாக ஏற்றுவார்கள். ஏற்றி இறக்குவதுதான் மச்சானின் வேலை.

தினமும் கடைசியாக ஓர் அம்மா வருவார். சர்க்கரை நோய். காதில் வந்த சீழ் எலும்பு வரை அரித்து, முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. மருந்தோடு தினம் ஒன்றரை மணி நேரம், முப்பது நாள் இதில் படுத்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். நம் புண்ணியவானுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். அரை மணி முன்னாலேயே இறக்கிவிடுவான்.

“தம்பி, டாக்டர் சொன்ன நேரம் இன்னும் ஆகலையேப்பா?”

“உள்ள கடிகாரமே கிடையாது, உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? கிளம்புங்க, வீட்ல தேடுவாங்க.”

இருபது நாள் இப்படியே ஓட்டினான் பாவி. இருபத்தோராம் நாள் அந்த அம்மா வரவில்லை. சீழ் மூளைக்கு ஏறி, போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம்... எல்லோரும் போன பிறகு குழாய்க்குள் ஒரு வாடை. சீழ் வாடை! துடைத்தான். போகவில்லை. தலைமாட்டைத் துடைக்க முழு உடம்போடு உள்ளே ஊர்ந்தான்.

டக்.

கதவு.

ஸ்ஸ்ஸ்... அழுத்தம் ஏறியது, மளமளவென்று. காதுக்குள் கோணி ஊசியை இறக்கியதுபோல வலி. உதைத்தான், அலறினான். வெளியே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் குழாய்க்குள் இருந்த ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு விட்டு, நிதானமாக...

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

விடிந்ததும் பெருக்க வந்தவர்தான் திறந்துவிட்டார். இரண்டு செவிப்பறையும் கிழிந்து, உள்காதும் சிதைந்து, கழுத்து வரை ரத்தம் காய்ந்திருந்தது. இனி ஜென்மத்துக்கும் காது கேட்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

என் சிநேகிதன் பார்க்கப் போனான். மச்சான் கண்ணை மூடி அசையாமல் கிடந்தான். மனசு பொறுக்காமல் தோளைத் தொட்டிருக்கிறான்.

மச்சான் ஓவென்று அழுதுவிட்டான்.

“ஏன்டா தொட்ட? இருபது அரை மணி... பத்து மணி நேரத்தை அந்தம்மா என் காதுக்குள்ள நொடி நொடியா எண்ணிக்கிட்டு இருந்தாங்க. அசையாம கேட்டு முடிச்சா விட்டுடறேன்னாங்க. இப்ப மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சுட்டாங்கடா...”