அஞ்சு பொத்தான் கித்தார்

ரீபா: …அதனால கீழ வந்து ஒரே ஒரு பாமாலைப் பாட்டு வாசிச்சிட்டுத்தான் நீங்க போகணும். எங்கப்பா நேத்தே கோயில்ல சொல்லி கித்தார் வாங்கிட்டு வந்து பீரோ மேல வச்சிருக்காவ.

ஜாபேஸ்: நேத்தேவா?

ரீபா: பொண்ணு பாக்க வாரவரு கித்தார்ல புலியாமே! உங்கம்மா போன்ல சொன்னதுல இருந்து எங்கப்பாவுக்குத் தரையில கால் பாவல.

ஜாபேஸ்: ஏங்க… இந்த மொட்டை மாடியில இருந்து எறங்க வேற படி இருக்கா?

ரீபா: முருங்கை மரம் இருக்கு. கிளை தாங்காது. என்ன, மொகமெல்லாம் வேர்க்கு?

ஜாபேஸ்: வெயிலு…

ரீபா: மேகம் கறுத்துக் கெடக்கு. எந்த வெயிலு?

ஜாபேஸ்: ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது.

ரீபா: சொல்லுங்க. சிரிக்கதா வேண்டாமான்னு கேட்டுட்டுப் பாப்போம்.

ஜாபேஸ்: எனக்கு… கித்தார் வாசிக்கத் தெரியாது.

ரீபா: கொஞ்சங்கூடவா?

ஜாபேஸ்: கொஞ்சங்கூட. நான் வாசிக்கது டிவி கேமு. பிளாஸ்டிக் கித்தாரு. திரையில கலர் கலரா புள்ளி எறங்கி வரும். நேரம் பாத்து கித்தார்ல இருக்க அந்தந்தக் கலர்ப் பொத்தானை அமுக்கணும். சரியா அமுக்கினா பாட்டு கேக்கும்.

ரீபா: தப்பா அமுக்கினா?

ஜாபேஸ்: டிவிக்குள்ள ஒரு கூட்டம் நிக்கும். கூப்பாடு போட்டு வெரட்டி விட்டுரும்.

ரீபா: கீழயும் ஒரு கூட்டம் இருக்கு. எங்க அத்தை, சித்தப்பா… அவுகளைச் சுவிட்சைத் தட்டி அமத்த முடியாது.

ஜாபேஸ்: கேலி பண்ணாதிய.

ரீபா: பொறவு உங்கம்மா ஏன் அப்படிச் சொன்னாவ?

ஜாபேஸ்: அவுக மேல தப்பு இல்லங்க. அக்கா பிள்ளைகளுக்கு வாங்குன கேமு. லீவு முடிஞ்சு பிள்ளைக ஊருக்குப் போயிட்டுக. நான் கேமை விடல. கதவைச் சாத்திட்டு விளையாடுவேன். ஒரு நாள் கதவைத் தெறந்தா, வெளிய அம்மா நிக்காவ. கண்ணெல்லாம் தண்ணி. "எய்யா, ஒனக்குள்ள இம்புட்டு இருக்கா"ன்னு கட்டிப் பிடிச்சிட்டாவ.

ரீபா: அப்பவே சொல்லியிருக்கலாம்லா?

ஜாபேஸ்: வாய் வரல. அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல எந்திரிச்சு, "கர்த்தர் என் மகனுக்கு ஒரு தாலந்து குடுத்திருக்காரு"ன்னு சாட்சியே சொல்லிட்டாவ. சாட்சி சொன்ன பொறவு நான் எப்படி…

ரீபா: கோயில்ல யாரும் வாசிக்கக் கூப்பிடலையா?

ஜாபேஸ்: கூப்பிடாம? லெந்து நோன்பு முடியுத வரைக்கும் கித்தாரைத் தொடமாட்டேன்னு கர்த்தர்கிட்ட பொருத்தனைன்னேன். ஈஸ்டர் வந்ததும் கையில சுளுக்குன்னேன்.

ரீபா: பொருத்தனையா! ஐயோ… என்னால முடியல…

ஜாபேஸ்: சிரிக்கக் கூடாதுன்னேன்லா!

ரீபா: சரி சரி. அந்த ஆரஞ்சுப் பொத்தானுக்குச் சுண்டு விரல் எட்டுதா உங்களுக்கு?

ஜாபேஸ்: எங்க எட்டுது! அங்கனதான் எப்பவும்… ஆரஞ்சுன்னு நான் சொல்லலையே?

ரீபா: கலர் கலரான்னு சொன்னியளே.

அப்பாத்துரை: ஏளா ரீபா! பேசுனது போதும், தம்பியைக் கீழ கூட்டிட்டு வா! கித்தாரை எடுக்கப் போறேன்!

ரீபா: இந்தா வாரோம்ப்பா! …கேளுங்க, ஒரு வழி இருக்கு. விரல்ல துணியைச் சுத்திக்கோங்க. கதவு இடுக்குல நசுங்கிட்டுன்னு நான் சொல்லுதேன்.

ஜாபேஸ்: வேண்டாங்க.

ரீபா: ஏன்?

ஜாபேஸ்: இன்னைக்குத் தப்பிச்சிரலாம். கிறிஸ்மஸ் வருமே? வருசா வருசம் மாமனார் வீட்டுக்கு விரலைக் கட்டிக்கிட்டா வருவேன்?

ரீபா: மாமனாரா! அதுக்குள்ளயா?

ஜாபேஸ்: வாய் தவறி… இல்ல, தவறல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு. கீழ போயி எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிருதேன். சம்பந்தம் முறிஞ்சா… முறியட்டும்.

ரீபா: உங்கம்மா முன்னாலயுமா?

ஜாபேஸ்: அதுதான் ரொம்பக் கஷ்டம். ஆனாலும் சொல்லுதேன். வழி விடுங்க.

ரீபா: பைய போங்க, படியில தண்ணி கெடக்கு.

அப்பாத்துரை: ஏளா! இதென்ன, கித்தார்ல ஒரு கம்பியைக் கூடக் காணோம்! நேத்து நல்லாத்தானே இருந்துச்சு!

ஜாபேஸ்: கம்பி இல்லையா! பாத்தியளா, கர்த்தர் கைவிடல!

ரீபா: கர்த்தரை எதுக்கு இழுக்கிய? காலையில கழட்டுனது நான். உங்கம்மா அனுப்புன போட்டோவுல நீங்க வச்சிருந்தது பொத்தான் கித்தாருன்னு அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன். அதே கேமோட டிரம்ஸு என் கட்டிலுக்கு அடியில, கூட வாசிக்க ஆளில்லாமக் கெடக்கு. வாங்க, உங்கம்மாகிட்ட ரெண்டு பேருமாப் போயிச் சொல்லுவோம். ஆனா ஒண்ணு… நீங்க மட்டும் விரல்ல அந்தத் துணியைச் சுத்தியிருந்தா, அம்புட்டுக் கம்பியையும் நானே திரும்ப மாட்டிக் குடுத்திருப்பேன்!