துரையோடு உட்கார ஓர் ஆள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் அண்டை வீட்டாரே, முன்வரிசையில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் துரை அவர்களே, வணக்கம்.

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. எழுதிக்கொண்டுதான் வந்தேன். அதில் பாதியை எனக்கு முன் பேசியவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். மீதிப் பாதி சரிதானா என்று இங்கே வந்து உட்கார்ந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மறைந்த அம்மையாரின் கணவரும் நானும் குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தவர்கள். அவர் எனக்கு மூத்தவர். ஆகவே அம்மையார் எனக்கு அண்ணி.

பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு போனபோது, பார்க்கப் போன நாங்கள் கட்டிலைச் சுற்றி நின்றோம். அண்ணி தலையணையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "ஏன் எல்லாரும் இப்படி முழிக்கிறீங்க? இவருக்குப் பேச்சு இருந்தப்பவும் நான்தானே பேசிட்டு இருந்தேன்?"

படுத்திருந்தவர் பாதி வாயால் சிரித்தார். ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தார்; கண்மூடும்வரை முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்பது படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அத்தோடு முடிந்ததா? மகன் துரை இருந்தார். அவர் எதிரில் இதைச் சொல்வதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும். பிறந்தபோதே வந்த குறை. ஐம்பது வயதைக் கடந்தும் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாது. தனியே விட்டால் பயந்துபோய்ச் சுவரில் தலையை மோதிக்கொள்வார். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் போதும், அவரைப் போலச் சாதுவான மனிதர் கிடையாது.

அவருக்கு முகம் மழித்துவிடுவதும் அண்ணிதான். எண்பது வயதில் கை நடுங்கத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தாடைக்குக் கீழ வரும்போது ஒரு பாட்டு பாடுங்க. இல்லேன்னா தலைய ஆட்டிடுவான்."

"எனக்குப் பாட வராதே அண்ணி."

"அவனுக்கு நல்ல பாட்டு எது, கெட்ட பாட்டு எதுன்னு தெரியவா போகுது? சும்மா பாடுங்க."

பாடினேன். இந்த உலகத்தில் துரை ஒருவர்தான் என் பாட்டைப் பொறுத்துக்கொண்டவர்.

இங்கே அண்ணியைத் தியாகச் சுடர் என்றார்கள், தெய்வத்தாய் என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன், மகள் வெளியூரில் வேலையிலிருந்தபோது, சிறந்த அன்னை என்று இதே மண்டபத்தில் அவருக்குக் கேடயம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு அவர் என்ன சொன்னார்?

"இது எதுக்கும்மா? ஞாயித்துக்கிழமை யாராவது ரெண்டு மணி நேரம் இவனோட உக்காந்தா, நான் கண்ணு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவேன்."

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று எல்லோரும் சிரித்தோம், கைதட்டினோம். ஞாயிறு வந்தது, ஒருவரும் போகவில்லை. இடது கண் போயிற்று! கேடயம் என்னவாயிற்று என்கிறீர்களா? காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். "இதாவது ஒரு வேலை செய்யுதே தம்பி" என்றார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அம்மா எப்படிப் பாத்துக்கிட்டாங்களோ, அதே மாதிரி நீயும் பாத்துக்கணும்டி." மகள் தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு சமையலறைக்குள் வந்து என்னிடம் சொன்னாள்:

"சித்தப்பா, நான் அம்மா இல்ல. மருந்துக் கடை வேலைய விட்டா வீட்டுல அடுப்பு எரியாது. அண்ணனக் காப்பகத்துல விடவும் மனசு வரல. அங்க அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாங்க. மத்தியானத்துக்கு மேல நான் இருப்பேன். காலையில யாரு இருப்பா?"

அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன். இன்றுவரை யோசித்தேன்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது இத்தகைய கூட்டங்களின் முறை. அண்ணியின் பணி எது? எனக்குத் தெரிந்து அது துரையோடு உட்கார்ந்திருப்பது. அவரைப் போல வாழ்வோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைப் போல வாழ்வது என்றால் யாரும் துணையில்லாமல் தேய்ந்துபோவது. அது அந்தப் பெண்ணுக்கும் நேர வேண்டாம். அவள் தாயைப் போல இருக்க வேண்டியதில்லை. தாய்க்கு நாம் இருந்ததைப் போல நாமும் இனி இருக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை நான் போகிறேன். முகம் மழித்துவிடுவேன், பாடுவேன், மகள் வரும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். பெரிய காரியமில்லை, என்னாலேயே முடிகிறது.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை; சனிவரை இன்னும் ஐந்து காலைகள் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. தலைவர் அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். எழுந்து நின்று மௌனமாகிவிட்டால் அப்படியே கலைந்துவிடுவோம், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கையை உயர்த்தினால் போதும். எனக்கும் கூச்சம்தான்.

செவ்வாய்க்கிழமைக்கு யார்?