கூடுதல் நேரம்

குமுளியில் மழை பிடித்தால் கரண்டுக்கு முன்னால் நெட் போய்விடும். உங்கள் ஸ்டேஷனிலும் அதே கதைதான் என்று வந்தவுடனே தெரிந்துகொண்டேன், ஜோமோன் சார். வாக்குமூலத்தை மலையாளத்திலேயே சொல்லலாம் என்றீர்கள். நான் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டிக்காரன், மலையாளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் தமிழில் எழுதித் தருகிறேன். நிதானமாக எழுத இதுதான் வசதி.

என் பெயர் மோகனசுந்தரம். இங்கே ஒரு கல்லூரியில் எம்.காம். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பு முழுக்க ஆன்லைன். மாணவர் எங்கே இருக்கிறார் என்பதை அவருடைய போன் என் திரையில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் ரேஞ்சு போனால் ஆப்சென்ட் என்று விதி வைத்தேன். ரொம்பக் கறார் என்று சக ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். போனை ஆன் செய்து வைத்துவிட்டுக் கோழி அடைக்கப் போனால் அதற்குப் பெயர் வகுப்பா, நீங்களே சொல்லுங்கள்.

என் மாணவி மாரீஸ்வரி சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவள். அம்மா மாரித்தாய் ஏலக்காய் பறித்துத்தான் அவளைப் படிக்க வைத்தார். லயத்தில் ரேஞ்சு கிடையாது. தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறினால் கிடைக்கும். மழையில் ஏற முடியாமல் பல வகுப்புகளை விட்டுவிட்டாள். இன்னொரு ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை எழுத முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டிஜிட்டல் கற்பித்தலுக்குப் பல்கலைக்கழகம் ஒரு விருது அறிவித்திருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு மாணவர் பேசும் வீடியோவும் வேண்டும். மாரீஸ்வரியைக் கேட்டேன், மறுத்துவிட்டாள். அதனால் அவளுடைய பழைய வகுப்புப் பதிவுகளை ஏஐயிடம் கொடுத்து, அவள் முகத்தையும் குரலையும் வைத்து நானே ஒரு வீடியோ செய்தேன். எந்த மழையிலும் சாருடைய வகுப்பு என்னைத் தேடி வருகிறது என்று அதில் சிரித்துக்கொண்டே சொல்வாள். நேரில் அவள் அவ்வளவு சிரிக்கிற பெண் இல்லை. அவளை அடக்கம் செய்த பிறகு மாரித்தாய் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் போட்டுப் பார்க்கிறாராம். கேட்டபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மாரீஸ்வரி அதை எப்படியோ பார்த்துவிட்டாள். வியாழக்கிழமை என் அறைக்கு வந்தாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அது நான் பேசுனது இல்ல சார். எடுத்துருங்க. இல்லேன்னா திங்கக்கெழம வர்ற விருதுக் கமிட்டிக்காரங்ககிட்ட நானே சொல்லிருவேன்.”

சரி, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். பயந்தேன், மறைக்க மாட்டேன். விருது மட்டுமா போகும், வேலையும் மானமும் சேர்ந்து போகும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்கு ஆன்லைன் வகுப்பில் தேர்வு. நான்கு மணிவாக்கில் வனத்துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. சக்குபள்ளத்துப் பாறையடியில் ஒற்றைக் கொம்பன் நிற்கிறது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று. அந்தச் செய்தி அவள் போனுக்குப் போய்ச் சேரவேண்டுமென்றால் அவள் முதலில் பாறையில் ஏறியிருக்க வேண்டும். முன்பெல்லாம் யானை என்றால் தேர்வைத் தள்ளிவைப்பேன். அன்று வைக்கவில்லை.

ஐந்து மணிக்கு என் திரையில் எல்லாரும் வந்தார்கள். பாறையின் மேலே ஒரு புள்ளி, அது அவள். பாதித் தேர்வில் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்.

“சார், கீழ ஆனை நிக்குது. செடி முறியுற சத்தம் கேக்குது. இப்பம் பின்பக்கமா எறங்கிட்டா ஆப்சென்ட் ஆயிருமா சார்?”

வனத்துறைக்காரர் நம்பர் என் போனிலேயே இருந்தது. நான் மாரீஸ்வரிக்குப் பதில் போட்டேன்.

“எல்லாத்துக்கும் ஒரே ரூல்தான் கண்ணு. முடிச்சுட்டு எறங்கு.”

கெட்டிக்காரப் பெண். மற்றவர்கள் திணறிக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் முடித்துவிட்டு இறங்கியிருப்பாள். அப்போதுதான் தேர்வில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்து, பதினைந்து நிமிடம் கூடுதல் நேரமும் கொடுத்தேன். இந்த இணைய வகுப்பு உங்களுக்கு எவ்வாறு பயன்பட்டது, விரிவாக எழுதுக என்பது கேள்வி. தமிழிலேயே எழுதலாம் என்றும் குறிப்புப் போட்டேன். நேரம் கொடுத்ததற்கு லோகேஷ் என்கிற பையன் நன்றிகூடச் சொன்னான்.

அவளைப் பாறையிலேயே நிறுத்திவைக்கத்தான் அந்தக் கேள்வி. யானை மேலே ஏறும் என்று எனக்குத் தெரியாது, ஏறினால் நல்லது என்று நினைத்தேன். அவள் தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தாக என் திரையில் வந்துகொண்டிருந்தது. ‘மழை இல்லாத நாட்களில் சாருடைய வகுப்பு’ என்பதோடு நின்றுவிட்டது. நேரம் முடியும்வரை நான் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எனக்கு அந்தப் பெண் மேல் எந்த வன்மமும் கிடையாது சார். அந்த அரை வாக்கியத்துக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.